அத்தை அடை வைத்த முட்டைகள்

இந்த வயதில் ஒரு வாத்தைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்று சொன்னால் என் மருமகள் சிரிப்பாள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நீங்களும் என்னைப் போல தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோம்பில் பிடித்த மழைத் தண்ணீரில் குளித்து வளர்ந்து, இன்று அடுக்குமாடியில் மூட்டு வலியோடு லிஃப்டுக்குக் காத்து நிற்கிறவர்கள்தானே. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

போன மாதம் கூலாயில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மகனின் மாமனார். சேனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இத்தனை வருடம் இயந்திரங்களோடு மாரடித்தவர், ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குப் பின்னால் வேலி கட்டி வாத்து வளர்க்க ஆரம்பித்துவிட்டார். சம்பந்தியம்மாவுக்கு அந்த நாற்றம் ஆகாது. அவருக்கோ அது பன்னீர். "வாங்க சம்பந்தி, நம்ம புள்ளைங்கள வந்து பாருங்க" என்று பெருமையாகக் கூட்டிப் போனார். வேலியோரம் பெரிய வாத்து ஒன்று தனியாக நின்றது. கறுத்த கழுத்து, வெள்ளை மார்பு, அலகை ஒட்டி லேசாகச் சிவப்பு. தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இந்த மாதிரி வாத்தை நான் இதற்கு முன் எங்கள் லயத்துக் கொல்லையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவை அத்தையின் வாத்துகள்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. யோங் பெங்கிலிருந்து உள்ளே போகும் மண்சடக்கில், இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனையாகிவிட்ட இடத்தில், அன்று ரப்பர் தோட்டம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அங்கே பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டினார்கள். மழைக்காலம் வந்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. வீட்டுக்குள் ஈரத்துணி வாடையும் மண்ணெண்ணெய் அடுப்பு வாடையும் கலந்து கிடக்கும். எல்லாருக்கும் எல்லார் மேலும் எரிச்சல் வரும். அப்படி ஒரு மழைக்காலத்தில், நான் நாலாம் வகுப்பு முடித்து ஆண்டிறுதி நீண்ட விடுமுறையில் இருந்தபோது, அத்தை மெர்சிங்கிலிருந்து வந்து இறங்கினாள்.

ஒரு கையில் துணிமூட்டை. இன்னொரு கையில் கோணிப்பை. கோணியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகச் சிவந்த, மரு மருவாகத் தொங்கும் ஒரு மூஞ்சி வெளியே வந்து எங்கள் எல்லாரையும் பார்த்துச் சீறியது. குளுவாங்கில் பஸ் மாறும்போது கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டானாம். புருசன் வீட்டை விட்டு வருகிறவள் நகையை எடுத்து வருவாள், சேலையை எடுத்து வருவாள், வாத்தையா தூக்கி வருவாள்? லயத்தில் பல நாள் இதுதான் பேச்சு. அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு அது புரிய எத்தனையோ வருடமாயிற்று.

அது ஆண் வாத்து. நிலா வாத்து என்போம். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. வானத்து நிலாவுக்கும் அந்த மூஞ்சிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மெர்சிங்கில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கொடுத்தாளாம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஜாவா வாத்துகள் இருந்தன. ஒல்லியாக, பாட்டில் மாதிரி நிமிர்ந்து நடந்து, விடிவதற்குள் கத்திக் கத்தி ஊரை எழுப்புகிற ஜாதி.

அன்று மாலையே அத்தை அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்து பேசினாள். நான் கதவுக்குப் பக்கத்தில் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஜாவா தினம் முட்டை போடும். ஆனா அறுத்தா எலும்புதான். நிலா வாத்து நல்லா சதை வைக்கும். ஆனா முட்டை போட சோம்பேறி. ரெண்டையும் சேத்து குஞ்சு எடுத்தா, முட்டையும் போடும், கறிக்கும் ஆவும். கடைத்தெரு சீனக்கடை தவுக்கே முட்டைய உப்பு போட எடுத்துக்குவாரு. சீனப் பெருநாளுக்கு வாத்து எடுத்துக்குவாரு. என் சோத்த நானே பாத்துக்குவேண்ணே. உனக்கு பாரமா இருக்க மாட்டேன்."

அப்பா பல்லிடுக்கில் தீக்குச்சியை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தங்கை மேல் ஒருநாளும் கை நீட்டியவர் இல்லை. ஆனால் லயம் என்ன சொல்லும் என்று கேட்காமல் அவருக்குத் தும்மல்கூட வராது.

"பொங்கலுக்கு வாழ்ற வீட்டுல பானை வைக்கணும்லா. இங்க வந்து ஒக்காந்துகிட்டா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"பேசட்டும்ணே. நான் அங்க போவல."

அம்மாதான் நடுவில் வந்தாள். "என்னாங்க, வந்த அன்னிக்கே வெரட்டாதீங்க. குஞ்சு பொரிக்குதா பாப்போம்."

அப்பா தீக்குச்சியை எறிந்தார். "சரி. பொங்கலுக்குள்ள குஞ்ச என் கண்ணால பாத்தா நீ இங்கயே இருந்துக்க. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். இல்லன்னா நீ கெளம்பிரணும். அதுக்கு மேல என்னைய ஒன்னும் கேக்காத."

அத்தை தலையாட்டினாள். ஒரு பெண் எங்கே வாழ்வது என்பதை வாத்து முட்டையின் மேல் பந்தயமாக வைத்தார்கள். அன்று எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விளையாட்டு மாதிரி இருந்தது.

எங்கள் ஜாவா ஆண் வாத்து மறுநாளே குழம்பாயிற்று. அது இருந்தால் நிலா வாத்தைப் பெட்டைகளிடம் நெருங்க விடாது என்றாள் அத்தை. பெட்டைகளையும் நிலாவையும் ஒரே அடைப்பில் விட்டாள். பெட்டைகள் அந்த மூஞ்சியைப் பார்த்து ஒரு மூலையில் கூடி நின்று கத்தின. நிலா உச்சிமயிரைச் சிலிர்த்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல் மரியாதையாகத் தள்ளியே நின்றது. "அவன் வெக்கப்படுறான் பாப்பா" என்று அத்தை சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான். அம்மா என்னை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று விரட்டுவாள். நான் தகரத்தின் ஓட்டை வழியாகப் பார்ப்பேன்.

ஜாவா வாத்துக்கு அடை உட்காரப் பொறுமை கிடையாது. முட்டையைப் போட்ட இடத்தில் விட்டுவிட்டு ஓடிவிடும். அதனால் சேர்த்து வைத்த முட்டைகளை அம்மாவின் கறுப்புக் கோழிக்கு அடியில் வைத்தார்கள். அந்தக் கோழியைக் கொடுக்க அம்மாவுக்கு மனசே இல்லை. கோழிக் கணக்கு மூன்று வாரம், வாத்துக் கணக்கு நாலு வாரம், அதிகமாக உட்கார்ந்தால் கோழி இளைத்துப் போய்விடும் என்று முனகினாள். முனகிக்கொண்டே கொடுத்தாள். சமையலறை மூலையில், சதுர பிஸ்கட் டின்னைப் படுக்கப் போட்டு, காய்ந்த லாலான் புல்லை மெத்தையாக்கி, அத்தை அடை வைத்தாள்.

அதன் பிறகு அவளுக்கு வேறு வேலை இல்லை. கோழி தீனிக்கு எழுந்திருக்கும்போது கையை நனைத்து முட்டைகளின் மேல் தெளிப்பாள். வாத்து முட்டைக்கு ஈரம் வேண்டும், தாய் வாத்து குளத்திலிருந்து ஈர வயிற்றோடு வந்து உட்காரும் அல்லவா, அதற்குப் பதிலாக என்பாள். நானும் தெளிப்பேன். முட்டைகளின் சூடு ஈரக்கையில் ஏறும். கோழி வயிற்றின் வாடை, புல் வாடை, வெளியே ஓயாத மழை. அப்படித் தெளிக்கும்போதுதான் அத்தையின் வலது சுண்டுவிரல் மடங்காமல் குச்சி மாதிரி நிற்பதைப் பார்த்தேன்.

"என்னா அத்தை இது?"

"கதவுல நசுங்கிருச்சு பாப்பா."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு மறுபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது சொல்கிறேன். எனக்கு மட்டும்தான் தெரியாது.

மெர்சிங் மாமா பொங்கலுக்கு முந்தைய வாரம் வந்தார். அத்தையின் புருசன். படகுத்துறையில் ஐஸ்கட்டி ஏற்றும் வேலை அவருக்கு. கருவாடும் கெரோப்போக் மீன் அப்பளமும் ஒரு பை நிறையக் கொண்டு வந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். அப்பாவை "மச்சான், மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். எனக்குப் பத்துக் காசு கொடுத்து, "நல்லா படிக்கணும்" என்று கன்னத்தைத் தட்டினார். சத்தம் போடாதவனை நல்லவன் என்று நம்புவது எங்கள் அப்பாவின் பழக்கம். இரவு இருவரும் சேர்ந்து சாப்பிட்டு, வாசல் பலகையில் உட்கார்ந்து பேசினார்கள். அத்தை சமையலறையில் பிஸ்கட் டின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

நாலு வாரம் முடிந்தது. முட்டைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் அத்தை நீலக்கரை போட்ட எனாமல் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். முட்டைகளை ஒவ்வொன்றாக மெல்ல அதில் விட்டாள். "அசையாம இருங்க எல்லாரும்" என்றாள். தண்ணீர் அடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு முட்டை லேசாகத் துள்ளியது. பிறகு இன்னொன்று. தூக்கத்தில் திரும்பிப் படுக்கிற குழந்தை மாதிரி ஒவ்வொன்றும் தானாக ஆடியது. உங்களில் யாராவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பிறகு என் பிள்ளைகள் வயிற்றில் புரண்டபோதெல்லாம் எனக்கு அந்த பேசின்தான் ஞாபகம் வந்தது.

"அண்ணே, வந்து பாருண்ணே! உசுரோட இருக்குண்ணே!"

அப்பா வந்து குனிந்தார். அவர் குனிந்தபோது கால் பேசினில் பட்டது. தண்ணீர் அலையடித்தது. எல்லா முட்டைகளும் ஆடின.

"தண்ணி ஆடுது. முட்டையும் ஆடுது."

"இல்லண்ணே, இரு, தண்ணி நிக்கட்டும்."

"நாலு வாரம்னு நீதான சொன்ன? எங்கம்மா காலத்துலேருந்து வாத்துக்கு நாலு வாரம்தான். உன் வாத்துக்கு மட்டும் தனிக் கணக்கா?"

"ரெண்டே ரெண்டு நாளுண்ணே. இன்னும் ரெண்டு நாளு மட்டும் பொறுத்துக்க."

"பொங்கலுக்கு அவரு வீட்டுல வெளக்கு ஏத்த ஆளில்ல. வந்த மனுசன் எத்தன நாளு காத்துக் கெடப்பாரு?"

வாசலில் நின்ற மெர்சிங் மாமா சிரித்த முகத்தோடு, "பரவால்ல மச்சான், இருக்கட்டும் லா" என்றார். அந்தச் சிரிப்புத்தான் அப்பாவை முடிவு செய்ய வைத்தது. நல்ல மனிதரைக் காக்க வைக்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

அத்தை முட்டைகளைத் துடைத்துத் திரும்பக் கோழிக்கு அடியில் வைத்தாள். அழவில்லை. மறுநாள் காலை, போகிக்கு முந்தின நாள், துணிமூட்டையோடு நின்றாள். கிளம்பும்போது மாமா, "வாத்து நம்மளுதுதான மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே நிலாவைப் பிடித்துக் கோணியில் திணித்தார். அதே கோணி, அதே ஓட்டை. அத்தை என் பக்கம் குனிந்தாள்.

"பாப்பா, தண்ணி தெளிக்க மறந்துராத. கோழிய யாரும் எழுப்ப வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு."

மண்சடக்கு முழுக்கச் சேறு. மாமா முன்னால் போனார். அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று நான் கவனிக்கவில்லை, தண்ணீர் தெளிக்க உள்ளே ஓடிவிட்டேன்.

அம்மா முட்டைகளைக் குழி தோண்டிப் புதைக்கத்தான் இருந்தாள். பொங்கலுக்கு வீடு கழுவுகிற அவசரத்தில் மறந்துவிட்டாள். மறுநாள் போகி. அப்பா பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருந்தார், ஈரத்தில் அது எரியாமல் புகைந்தது. சமையலறையில் கோழி ஒரு மாதிரி கொக்கரித்தது. போய்ப் பார்த்தால் அதன் இறக்கைக்கு அடியிலிருந்து மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒரு ஈரத்தலை எட்டிப் பார்த்தது. முட்டைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. சாயங்காலத்துக்குள் டின் நிறையக் குஞ்சுகள்.

அப்பா புகை படிந்த கையோடு வந்து நின்றார். கண்ணால் பார்த்தார். அவர் கேட்டது அதுதானே.

"போயி கூட்டிட்டு வந்துருங்க" என்றாள் அம்மா.

"நாளைக்கி பொங்கலு. நல்ல நாளும் அதுவுமா போயி பொண்ண கூட்டியாந்தா லயமே சிரிக்கும். பொங்கலு போவட்டும்."

பொங்கல் போயிற்று. மழை விடட்டும் என்றார். மழை விட்டது. இத்தனை நாள் வேலை இல்லாமல் இருந்தோம், இப்போதுதான் மரம் வெட்டத் தொடங்கியிருக்கிறோம், தைப்பூசம் போகட்டும் என்றார். பிறகு சீனப் பெருநாள். பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். அத்தைக்குத் தகவல்கூட யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வந்துவிடுவாளே.

குஞ்சுகள் மள மளவென்று வளர்ந்தன. அத்தை சொன்ன மாதிரியே நல்ல சதை. ஜாவா போல ஊரைக் கூட்டவில்லை, நிலா போலச் சீறவும் இல்லை. ஆண் வாத்துகளில் சிலவற்றை அப்பா கடைத்தெரு தவுக்கேயிடம் கொடுத்தார். தவுக்கே தூக்கிப் பார்த்து, "அலமாக், தம்பி! எங்க புடிச்சே இந்த ஜாதி?" என்று கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது முதலில் முகம் மலர்ந்திருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு கால் கழுவப் போய்விட்டார்.

சித்திரை வருடப் பிறப்புக்கு அத்தையும் மாமாவும் வந்தார்கள். முறைக்கு அழைத்தாக வேண்டுமே. வந்தவர்களுக்கு அம்மா வாத்தை அறுத்தாள். வீட்டில் அறுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. அத்தை இளைத்திருந்தாள். கன்னத்து எலும்புக்குக் கீழே பழுத்து மறைகிற ஒரு மஞ்சள் தடம். இலையில் உட்கார்ந்து கறியை எடுத்தவள், தொடையைப் பிய்த்துப் பார்த்தாள். பிறகு பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். தகர அடைப்பில் மிச்சமிருந்த பெட்டைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. கறுத்த கழுத்து, வெள்ளை மார்பு.

மாமா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி," என்றாள் அத்தை, "எப்ப பொரிச்சுது?"

"அது... நீ போயி ரொம்ப நாளு கழிச்சுதான்" என்றாள் அம்மா. அவள் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

நான் சொன்னேன். பொய் சொன்னால் அடி விழும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். தண்ணீர் தெளித்தது நான்தான் என்ற பெருமை வேறு. "இல்ல அத்தை. நீங்க போன மறுநாளு. நான் தண்ணி தெளிச்சேன்ல, எல்லாம் பொரிச்சுருச்சு!"

யாரும் என்னை அடிக்கவில்லை.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பக்கத்தில் இழுத்து, அந்த மடங்காத விரல் என் முதுகில் குத்த, தன் இலையிலிருந்த தொடைக்கறியை என் இலையில் வைத்தாள்.

"கெட்டிக்காரி. நல்லா தெளிச்சிருக்க" என்றாள். பிறகு அம்மாவிடம், "பொட்டைங்கள அறுத்துராதீங்க அண்ணி. முட்டை போடும். இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துப் பாருங்க" என்றாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு, மாமாவோடு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அதுதான் நான் அத்தையைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த மழை தொடங்குவதற்குள் மெர்சிங்கிலிருந்து ஆள் வந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். அப்பா போய்வந்தார். அவள் துணிமூட்டையை மட்டும் கொண்டு வந்து வைத்தார். வழுக்கி விழுந்தவள் என்று அவரும் சொன்னார், அம்மாவும் சொன்னாள், லயமும் சொன்னது. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னேன். நான் கல்யாணமாகி, ஒரு வீட்டைக் கட்டி ஆண்ட பிறகுதான் அந்த வார்த்தையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். கேட்கவில்லை. எதைக் கேட்பது?

லயத்தை இடித்தபோது அந்த நீலக்கரை பேசின் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எத்தனையோ கடைகளில் தேடியிருக்கிறேன்.

கூலாயில் சம்பந்தியிடம் கேட்டேன், இந்த வாத்து எத்தனை நாளில் பொரிக்கும் என்று. "இது கலப்புங்க. ஜாவாவுக்கு நாலு வாரம், நிலாவுக்கு அஞ்சு வாரம். இது நடுவுல. நாலு வாரம் தாண்டி ரெண்டு மூணு நாளு ஆவும். அவசரப்படக் கூடாது" என்றார்.

"முட்டை போடுமா?"

"ஐயோ, அதெல்லாம் போடாதுங்க. கோவேறு கழுத மாதிரி இது. கறிக்கு மட்டும்தான். எத்தன வருசம் வச்சிருந்தாலும் முட்டைக்கு ஆவாது."

ஆக, அத்தை நாளில் சரி, வாத்தில் தப்பு. முட்டையும் கறியும் ஒரே வாத்தில் கிடைக்கும் என்று அவள் நம்பியது நடக்கவே நடக்காத ஒன்று. அந்தச் சீன அம்மா அதைச் சொல்ல மறந்தாளோ, சொன்னதை இவள் கேட்க மறந்தாளோ. ஆனால் அவள் உயிரோடு இருந்து, முட்டை போடாத வாத்தைத் திட்டிக்கொண்டு, அண்ணன் வீட்டுச் சமையலறையில் படுத்திருக்கலாம். வேறொரு வழி பார்த்திருப்பாள். வாத்தோடு பஸ் ஏறி வந்தவளுக்கு வழியா தெரியாமல் போகும்.

அத்தை போன பிறகும் அந்தப் பெட்டை வாத்துகள் எங்கள் கொல்லையில் இருந்தன. ஒரு முட்டை போட்டதில்லை. தவிடு மட்டும் மூட்டை மூட்டையாகத் தின்றன. மழைக்காலம் வந்து வீட்டில் சோற்றுக்கே இழுபறியான நாளில் அம்மா பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"என்னாங்க, முட்டையும் போடல, அறுக்கவும் விட மாட்றீங்க. எத்தன நாளைக்கித்தான் இதுக்கு தீனி போடுறது?"

அப்பா தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். கையை உதறாமல், வாத்துகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாளு பாப்போம்."